சிறு கழகமும் சிறந்த பயிற்றுநரும்

மன்னார் நகரை அடுத்துக் கடலோரமாய் அமைந்த பள்ளிமுனையைப் பலர் அங்கு நிற்கும் பெருக்கமரத்தின் பொருட்டே அறிவர். அராபிய வணிகர் கொணர்ந்து 1477ஆம் ஆண்டளவில் நட்டது என வழங்கப்படும் அம்மரத்தின் அடிச்சுற்று ஏறத்தாழ 19 மீற்றர். அதனைக் காண வருவோர் படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகின்றனர். மாலைவரை அங்குத் தங்குவோர் வேறொரு காட்சியையும் காணலாம். கடற்றொழிலே வாழ்வாகக் கொண்ட அவ்வூரில், வெயில் தாழ்ந்தவுடன் சிறுவரும் இளைஞரும் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்திற்குப் புறப்பட்டுவிடுவர். புனித லூசியாவின் திருப்பெயரை அவ்வூர்த் தேவாலயம் தாங்கி நிற்கிறது. பாடசாலையும் விளையாட்டுக் கழகமும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. வழிபாடு, கல்வி, விளையாட்டு ஆகிய மூன்றும் ஒரே பெயரின் கீழ் ஒன்றுகூடிய ஊர் அது. வட மாகாணத்து உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் மன்னாரை விலக்கிப் பேசுதல் அரிது. மன்னாரைப் பற்றிப் பேசுவோர் பள்ளிமுனையை விலக்கிப் பேசுதல் அதனினும் அரிது.

இத்தகைய ஊர்களில் ஓர் அணி எவ்வாறு உருவாகின்றது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். அரசு கட்டிக்கொடுத்த பயிற்சிக்கூடமோ, வணிக நிறுவனங்களின் பொருளுதவியோ அதற்கு அடிப்படை ஆவதில்லை. பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் உழைப்பே அடிப்படையாகின்றது. அவர் பாடசாலை ஆசிரியராக இருப்பார். அல்லது தாமும் ஒரு காலத்தில் ஆடி, முழங்கால் நொந்தபின் ஊதுகுழலைக் கையில் எடுத்தவராக இருப்பார். எந்தச் சிறுவன் இடக்காலால் நன்றாக அடிப்பான், எவனுடைய தகப்பன் கடலுக்குப் போன நாளில் அவன் பயிற்சிக்கு வரமாட்டான், எவனுக்குக் காலணி இல்லை என்பனவெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். இவ்வறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே ஓர் ஆட்டக்காரன் விலகினால் அவனுக்கு இளையவன் ஒருவன் அவ்விடத்தை நிரப்புவான். பயிற்றுநர் விலகினால் அவ்விடம் அத்துணை எளிதில் நிரம்புவதில்லை.

அவர் விலகுதற்குரிய காரணமும் வியப்பானது. தோற்கும் அணியின் பயிற்றுநரை எவரும் அழைப்பதில்லை. மாவட்டத்தில் வென்று, மாகாணத்தில் வென்று, கொழும்பில் ஓர் ஆட்டத்திலேனும் பெரிய பாடசாலை ஒன்றை வென்றுவிட்டால், அடுத்த மாதமே அழைப்பு வந்துவிடும். நகரத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும், கொழும்புக் கழகங்களும், முப்படைகளினதும் பொலிசினதும் அணிகளும் தரக்கூடியதை ஒரு மீனவக் கிராமம் தரவியலாது. அவர் ஆசிரியராயின் இடமாற்ற உத்தரவு ஒன்றும் உண்டு. அதனைப் பிறப்பிக்கும் அலுவலகத்திற்கு அவர் கணித ஆசிரியரா, விஞ்ஞான ஆசிரியரா என்பது மாத்திரமே தெரியும். மாலை மூன்று மணிக்கு மேல் அவர் யார் என்பது தெரியாது. சிறு அணி தன் வெற்றியாலேயே தன் பயிற்றுநரை இழக்கின்றது எனின், அதற்கு மாற்று உண்டா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இழந்தமைக்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு இந்தியாவின் மிசோரம் மாநிலத்தில் உள்ளது. ஐசோல் உதைபந்தாட்டக் கழகம் 2015-16 பருவத்தில் இந்தியாவின் ஐ-லீக் போட்டியிலிருந்து கீழிறங்க வேண்டிய நிலையை அடைந்தது. வேறு கழகங்கள் விலகியமையால் மீண்டும் இடம் பெற்ற அக்கழகம், காலித் ஜமீல் என்பாரின் பயிற்சியில் 2017 ஏப்பிரல் 30இல் சில்லாங் நகரில் 1-1 எனச் சமநிலை கண்டு, நாட்டின் வாகையர் பட்டத்தையே பெற்றது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதற்கழகம் அது. ஆயினும் அவ்வாண்டிலேயே ஜமீல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்குச் சென்றார். ஆட்டக்காரர் பலரும் பல திசைகளிற் பிரிந்தனர். அடுத்த பருவத்துப் பட்டம் மினெர்வா பஞ்சாப் அணியினதாயிற்று. ஈஸ்ட் பெங்காலில் ஜமீல் நிலைத்தது ஒரு பருவமே. அவர் திறமையில் ஐயம் இல்லை. 2025இல் இந்தியத் தேசிய அணிக்கே பயிற்றுநராக நியமிக்கப்பட்டவர் அவர். எனினும் அப்பிரிவினால் அக்காலத்தில் ஐசோலும் பயனடையவில்லை, கொல்கத்தாவும் பயனடையவில்லை என்பது கருதத்தக்கது.

தமிழ்நாட்டிலும் இதனை ஒத்ததொன்று நிகழ்ந்தது. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிற்றி கழகம், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவிக்க, 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2020இல் அவர் நீங்கினார். 2020-21 பருவத்தின் பின் அக்கழகமே அப்போட்டியிற் காணப்படவில்லை. அவர் நீங்கியமை ஒன்றே காரணம் எனக் கூறுதல் மிகையாகும்; ஆயினும் ஒரு மனிதர் மீது எழுப்பிய வீடு எத்துணை விரைவில் ஆட்டங் காணும் என்பது அதனால் விளங்கும்.

பொருள் வல்லோர் இதற்குப் பொருளாலேயே அணை கட்ட முயல்வர். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் உதைபந்தாட்டம் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு விளையாட்டு. எனினும் அங்குள்ள சிறு கல்லூரிகளின் கவலை பள்ளிமுனையின் கவலையே. பயிற்றுநர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறிடம் சென்றால், பெருந்தொகை ஒன்றை இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என அவர்கள் எழுதி வாங்குவர். அவரை விரும்பும் பெரிய பல்கலைக்கழகமே அத்தொகையையும் செலுத்தி அவரை அழைத்துச் செல்வதும் அங்கு வழக்கம். ஐடஹோ மாநிலத்துப் பொய்சி பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பீற்றர்சன் என்பார் 2006 முதல் 2013 வரை 92 ஆட்டங்களை வென்று 12இல் மாத்திரம் தோற்றார். எட்டுப் பருவங்கள் அவர் அங்கு நிலைத்தமையே பெரிதாகப் பேசப்பட்டது. முடிவில் அவரும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ஏலத்தில் விலையைக் கூட்டிக் கேட்கும் வழி சிறியோருக்கு ஆகாது. வேறு வழியால் தம் பயிற்றுநரைப் பேணிய இடங்கள் உளவா எனத் தேடுதலே பயனுடையது.

உள. அவற்றுட் சிறந்தது பிரான்சு நாட்டின் பேர்கண்டிப் பகுதியிலுள்ள ஓசேர் என்னும் ஊர். நாற்பதாயிரத்திற்கும் குறைந்த மக்களைக் கொண்டது. திராட்சைத் தோட்டங்களும் பழைய தேவாலயங்களும் நிறைந்தது. அவ்வூர்க் கழகத்தை 1905இல் தொடக்கியவர் ஏர்னெஸ்ட் தெஷான் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். இன்றும் அவர்தம் மைதானம் அக்குருவானவரின் பெயரையே கொண்டு விளங்குகின்றது. கோயிலும் கழகமும் ஒரு பெயரால் இணைந்த பள்ளிமுனை மக்களுக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

1961இல் அக்கழகம் பயிற்றுநர் ஒருவரைத் தேடியது. அவ்வூர்க்கு அணித்தான அப்புவாஞியில் வளர்ந்த கீ ரூ என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் விண்ணப்பித்தார். வந்த விண்ணப்பங்களுள் மிகக் குறைந்த ஊதியம் கேட்டது அவருடையது என்பதாலேயே அவர் தெரியப்பட்டார் என்பர். அன்று அது நாட்டளவில் எவரும் பேசாத ஓர் அணி. இராணுவ சேவைக்குச் சென்ற காலமும் 2000-01 பருவமும் நீங்கலாக, 2005 வரை அவரே அங்குப் பயிற்றுநர். 1963இல் கழகத் தலைவரான ஜான் குளோட் அமெல் 2009 வரை தலைவராயிருந்தார். ஒரு தலைவரும் ஒரு பயிற்றுநரும் இவ்வாறு நாற்பது ஆண்டு சேர்ந்து உழைத்தமை உலகில் வேறெங்கும் எளிதிற் காணக் கிடையாது.

இந்நீண்ட காலத்தின் முற்பகுதியையே கூர்ந்து நோக்க வேண்டும். 1961இல் வந்தவர் அணியை இரண்டாம் பிரிவிற்கு உயர்த்தியது 1974இல். முதற் பிரிவிற்கு உயர்த்தியது 1980இல். பத்தொன்பது ஆண்டுகள்! இடையே 1979இல், இரண்டாம் பிரிவு அணியாக இருந்தபோதே, பிரெஞ்சுக் கிண்ணத்தின் இறுதியாட்டம்வரை சென்று நான்ற் அணியிடம் தோற்றனர். பெருநகரக் கழகங்கள் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு ஆண்டு தவணை கொடுத்தாலே பெரிது. ஓசேர் கொடுத்தது காலம். அதனைப் பெருநகரங்கள் எத்துணைப் பணம் கொட்டினும் ரூவுக்குக் கொடுத்திருக்க மாட்டா. தோல்விகளைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பு அவற்றின் பார்வையாளரிடம் இல்லை.

காலத்தோடு கொடுக்கப்பட்ட மற்றொன்று அதிகாரம். ஆட்டக்காரரைத் தெரிவதிலும், இளையோரை வளர்ப்பதிலும், செலவிடுவதிலும் அவர் சொல்லே முடிவாக இருந்தது. சிக்கனத்திற் பேர்போனவர் அவர். இளம் ஆட்டக்காரரின் வண்டிகள் இரவில் எவ்வளவு தூரம் ஓடின என்பதை மானியைப் பார்த்தே கண்டுபிடிப்பார் எனக் கதைகள் வழங்குகின்றன. 1982இல் இளையோர்க்கான பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. எரிக் கன்டோனா, பசில் போலி ஆகியோர் அக்கழகத்தில் வளர்ந்தவர்களே. கன்டோனா 1988இல் மார்செய் கழகத்திற்கு அக்காலத்துப் பிரெஞ்சு உதைபந்தாட்டத்தின் மிகப் பெருந்தொகைக்குக் கொடுக்கப்பட்டார். இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஓசேர் ஆட்டக்காரரை விற்றுப் பயிற்றுநரைப் பேணியது; வேறு பல கழகங்கள் ஆட்டக்காரரைப் பேண முயன்று இரண்டையும் இழந்தன. இவ்வாறு கட்டிய அணி 1995-96 பருவத்தில் பிரெஞ்சு லீக் பட்டத்தையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. கிண்ணம் 1994, 2003, 2005 ஆகிய ஆண்டுகளிலும் அவர்களுக்கே கிட்டியது.

ரூ 2007இல் லென்ஸ் என்னும் வேறு கழகத்தை ஏற்றார். பருவம் தொடங்கிய சில வாரங்களுள் விலகிவிட்டார். நாற்பது ஆண்டு ஓரிடத்தில் வேரோடியவர் வேற்று மண்ணில் வாடியமை இயல்பே. அவர் இல்லாத ஓசேரும் உடனே சாயவில்லை. 2009-10 பருவத்தில் லீக்கில் மூன்றாமிடம் பெற்றது. ஆனால் 2012இல் முதற் பிரிவிலிருந்து கீழிறங்கியது. மீண்டும் ஏறியது 2022இல்.

கீழைத்தேயத்தில் இதற்கு நிகரான ஒருவரைக் காட்டுமாறு கேட்பின், ஐதராபாத்தின் சையத் அப்துல் றகீமைக் காட்டலாம். 1909இற் பிறந்த இவர் தொழிலாற் பள்ளிக்கூட ஆசிரியர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு நாட்டின் உதைபந்தாட்டத்தையே மாற்றினார் என்பதை ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லலாம். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. கொல்கத்தாவின் பெருங்கழகங்கள் செல்வாக்குற்றிருந்த அந்நாளில் இது சிறு செயலன்று. பந்தைத் தனியே கடத்திக்கொண்டு ஓடுவதைத் தடைசெய்த போட்டிகளையும், வலுக்குறைந்த காலால் மாத்திரம் ஆடும் போட்டிகளையும் அவர் ஊரில் நடத்தினார். சிறுவரின் குறைகளைப் பயிற்சியால் நீக்க நினைக்கும் ஆசிரியரின் உள்ளமே அவற்றில் தெரிகின்றது.

இந்தியத் தேசிய அணிக்கும் அவரே பயிற்றுநர். 1951இல் டில்லியிலும் 1962இல் ஜக்கார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கத்தையும், 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும் அவர் காலத்திலேயே இந்தியா பெற்றது. ஆயினும் அவர் ஐதராபாத்தைக் கைவிடவில்லை. நாட்டின் பணியையும் ஊரின் பணியையும் ஒருங்கே செய்ய அவருக்கு இடமளிக்கப்பட்டது. பெரிய பணிக்கு அழைக்கப்படுபவரை, 'போனால் போனதுதான்' என வாயிலை அடைக்காது, போய் மீள விடும் ஊரே அவரைப் பேணுகின்றது. 1963 யூன் 11இல் புற்றுநோயால் அவர் காலமானார். அதன்பின் இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டியில் உதைபந்தாட்டத் தங்கத்தைப் பெறவில்லை. ஐதராபாத்தின் புகழும் படிப்படியாகத் தேய்ந்தது. அவர் கற்பித்தவை அவருடனேயே பெரிதும் சென்றுவிட்டன.

இக்குறையை நீக்கிக்கொண்ட ஒரு சிறு கல்லூரியை அமெரிக்காவில் காணலாம். மினசோற்றா மாநிலத்தில் பெனடிக்ற் சபைத் துறவியர் நடத்தும் புனித யோவான் கல்லூரி அது. விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுத்து மாணவரைச் சேர்க்கும் வழக்கம் அதன் பிரிவுக் கல்லூரிகளில் இல்லை. யோன் கலியார்டி என்பார் 1953இல் அங்கு வந்து 2012 வரை, அறுபது பருவங்கள் பயிற்றுவித்தார். முன்னர் வேறொரு கல்லூரியில் பெற்றவற்றையும் சேர்த்து அவர் அணிகள் வென்ற ஆட்டங்கள் 489. அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் அதற்கு மேற்பட்ட எண்ணிக்கை எவருக்கும் இல்லை. தேசியப் பட்டங்கள் நான்கு: 1963, 1965, 1976, 2003.

அவர் பயிற்சிக்களத்தில் ஊதுகுழல் இல்லை. பயிற்சியின்போது ஒருவரையொருவர் மோதி வீழ்த்துதல் இல்லை. தம்மைப் பெயர் சொல்லி 'யோன்' என்றே மாணவர் அழைக்க வேண்டும் என்பார்; நம்மூர்ப் பாடசாலைகளில் அதனைச் செய்து பார்ப்பார் யாரும் இலர், செய்யவும் வேண்டா. வேறெந்தப் பெருங்கல்லூரியும் இவற்றைக் கேட்டவுடன் நகைத்திருக்கும். அத்துறவியர் அவர் போக்கிற் குறுக்கிடவில்லை. தம் முறைப்படி பணிபுரியும் உரிமை ஓரிடத்தில் மாத்திரமே கிடைக்கும் என அறிந்த ஒருவர் அவ்விடத்தை விட்டு ஏன் செல்வார்? அவர் ஓய்வு பெற்றபோது, 1996 முதல் உதவிப் பயிற்றுநராக அருகிருந்த கறி ஃபாஷிங் என்பாரிடம் பொறுப்பு சென்றது. வெளியிலிருந்து எவரையும் தேடவேண்டியிருக்கவில்லை. ஐதராபாத்திற் குறைந்தது எதுவோ, அது இங்கு நிறைந்திருந்தது.

இனிப் பள்ளிமுனைக்கு மீள்வோம். ஓசேர் கொடுத்த காலத்தையும், துறவியர் கொடுத்த உரிமையையும், ஐதராபாத் விட்டுக்கொடுத்த தாராளத்தையும் ஒரு மீனவக் கிராமம் பணமின்றியே கொடுக்கக்கூடும். ஆனால் கொடுக்கின்றதா? மாகாணப் போட்டியில் ஒரு முறை தோற்றால், மறுநாளே மைதான ஓரத்தில் நின்று 'இவரை மாற்ற வேண்டும்' என்று கூறுவோர் எவ்வூரிலும் உண்டு. கழகச் செயற்குழு உறுப்பினரின் மருமகன் அணியில் இல்லாவிடின், அணித் தெரிவே கூட்டத்தின் பேசுபொருளாகிவிடுவதும் உண்டு. கொழும்பு அழைத்தமையால் பயிற்றுநர் போனார் எனச் சொல்லப்படும் இடங்களிற் பலவற்றில், கொழும்பின் அழைப்பு வருமுன்னரே ஊர் அவரை அரைவழி அனுப்பிவிட்டிருக்கும்.

அவருடைய குடும்ப நிலையையும் மறத்தலாகாது. ஆசிரியராயின் நாளொன்றுக்கு ஏழு பாடவேளை கற்பித்தபின் மைதானத்திற்கு வருபவர் அவர். அதிபர் மனம் வைத்து நேர அட்டவணையிற் பிற்பகல் வேளைகளைத் தளர்த்திக் கொடுத்தால், அதற்குத் திணைக்களத்தின் காசு ஒன்றும் செலவாவதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவரும் அவர் போக்குவரத்துச் செலவையேனும் ஒழுங்காகக் கொடுத்தல் கூடும். இடமாற்றப் பட்டியல் வரும் காலத்தில் வலயக் கல்வி அலுவலகத்திற்கு ஊரார் எழுதும் வேண்டுகோள், உத்தரவு வந்தபின் ஊர்வலமாகச் செல்வதினும் பயன்படும். ஒவ்வோராண்டும் இரண்டாவதையே செய்து முதலாவதை மறக்கும் ஊர்கள் பல.

ஒன்று மாத்திரம் சிக்கலானது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு பயிற்றுநர்க்கு 'சி', 'பி', 'ஏ' எனப் படிமுறையாகச் சான்றிதழ் வழங்குகின்றது. கழகம் தன் செலவில் அவரை அப்பயிற்சிக்கு அனுப்பினால், அவர் மேலும் தகுதி பெறுவார். தகுதி பெற்றவரைப் பிறர் மேலும் விரும்புவர். இவ்வச்சத்தால் அனுப்பாமல் விடும் செயற்குழுக்கள் உண்டு. அது தவறு. கல்வி பெறாதவாறு ஒருவரை ஊரில் நிறுத்துதல் பேணுதலாகாது, சிறைப்படுத்துதலாகும். அவரை அனுப்பும்போது அவருடன் இன்னொருவரையும் முதற்படிச் சான்றிதழுக்கேனும் அனுப்புதலே அதற்குத் தக்க வழி. பயிற்றுநர் ஒருவர், அருகே ஒருவர், அவ்விருவர் கையிலும் எந்தச் சிறுவனுக்கு எது தெரியும், எது தெரியாது என எழுதிய ஒரு கொப்பி. இவ்வளவே புனித யோவான் கல்லூரி செய்தது; அதனை அறுபது ஆண்டு பொறுமையுடன் செய்தது.

பள்ளிமுனையில் அந்த இரண்டாமவரை வெளியே தேட வேண்டியதில்லை. காலை கடலுக்குப் போய்வந்து, மாலையில் பன்னிரண்டு வயதுச் சிறுவருக்குப் பந்தை எறிந்து கொடுத்துக்கொண்டு மைதான ஓரத்தில் நிற்கும் பழைய ஆட்டக்காரர் எவரேனும் அங்கு இருப்பர். அவரை அழைத்து அடுத்த பயிற்சிநெறிக்குப் பெயர் கொடுக்குமாறு கேட்கும் வேலை கழகத்தின் அடுத்த கூட்டத்திற்குரியது.